ஒராஞ்ச் ரோமானிய அரங்கு: படிகளுக்காகப் போவதா, சுவருக்காகப் போவதா?

தென்னந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதக் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பிரான்சின் தென்பகுதிக்குப் போகிறேன். அவின்யோனில் தங்குகிறோம். அதில் ஒரு நாள் முழுவதும் எங்கள் கையில் இருக்கிறது. அப்பா பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். ரோமானியர் கட்டியதில் ஏதாவது ஒன்றையாவது அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆர்ல், நீம், ஒராஞ்ச் மூன்றுமே பக்கத்தில்தான் இருக்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் மூன்றுக்கும் அலைய முடியாது.

ஒராஞ்சில் இருப்பது மிக நன்றாக நிலைத்திருக்கும் நாடக அரங்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். படங்களில் அரைவட்டப் படிகளும் ஒரு பெரிய சுவரும்தான் தெரிகின்றன. நேரில் போனால் அதற்கு மேல் என்ன கிடைக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோன் நதிக்கரை எழுதியது:

ஒராஞ்சுக்கே போங்கள். நான் லியோனில் இருக்கிறேன். தெற்கே போகும்போதெல்லாம் அங்கே இறங்கிவிட்டுத்தான் போவேன். "ஒரு பெரிய சுவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சுவருக்காகத்தான் போக வேண்டும்.

ரோமானியர் ஆண்ட நிலமெங்கும், ஸ்பெயினிலிருந்து சிரியா வரை, நாடக அரங்குகளைக் கட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இன்று மிஞ்சியிருப்பது படிவரிசை மட்டும்தான். மேடைக்குப் பின்னால் நின்ற சுவர் சரிந்து, அதன் கற்கள் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்விட்டன. அங்கெல்லாம் படியில் உட்கார்ந்தால் எதிரே வயலும் மலையும் தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் ரோமானியப் பார்வையாளன் கண்ட காட்சி அதுவல்ல.

கிரேக்கர்கள் மலைச்சரிவில் படி வெட்டி, எதிரே இருந்த நிலத்தை மறைக்காமல் விட்டார்கள். ரோமானியர் மேடைச் சுவரைப் படிவரிசையின் உச்சிக்கு நிகராக உயர்த்தினார்கள், இரண்டையும் பக்கக் கட்டடங்களால் இணைத்தார்கள். உள்ளே நுழைந்தவனுக்கு அதன் பிறகு ஊர் கண்ணில் படாது. மேடை தெரியும், தலைக்கு மேல் வானம் தெரியும். வெயிலுக்குத் துணிப்பந்தல் இழுத்துவிட்டால் வானத்திலும் பாதி மறைந்துவிடும். இப்படி மூடப்பட்ட உணர்வு சுவர் விழுந்த அரங்கில் கிடைக்காது. சுவர் ஏறக்குறைய முழு உயரத்துக்கு நிற்கும் அரங்குகள் என்றால் ஒராஞ்ச், துருக்கியின் அஸ்பெண்டோஸ், சிரியாவின் புஸ்ரா ஆகிய மூன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒராஞ்ச் சுவரின் நீளம் 103 மீட்டர், உயரம் 37 மீட்டர், கனம் ஏறக்குறைய 1.8 மீட்டர். பதினான்காம் லூயி மன்னர் இதைத் தம் நாட்டிலேயே மிக அழகான சுவர் என்று சொன்னதாக ஊரில் எல்லாரும் சொல்வார்கள். வெளிப்பக்கத்தில் அலங்காரம் அதிகமில்லை. மஞ்சளும் சாம்பலும் கலந்த சுண்ணாம்புக்கல், கீழே வளைவு வாசல்கள், உச்சியில் இரண்டு வரிசையாகத் துருத்தி நிற்கும் கற்கள். அந்தக் கற்களில்தான் பந்தலுக்கான மரக்கம்பங்களைச் செருகினார்கள்.

பாரிஸ் வடக்கு எழுதியது:

போக்குவரத்து பற்றிச் சொல்கிறேன். அவின்யோனில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. அதிவேக ரயில் நிற்பது ஊருக்கு வெளியே. ஒராஞ்சுக்கான வட்டார ரயில், கோட்டைமதிலை ஒட்டியுள்ள மைய நிலையத்திலிருந்து புறப்படும். இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். அங்கே இறங்கி அரங்குவரை கால் மணி நேர நடை, சமதரை. வியாழக்கிழமை காலை ஊர்ச்சந்தை கூடும். அன்று தெருக்களில் கூட்டம் அதிகம், வண்டி நிறுத்த இடமிருக்காது. அம்மாவுக்கு அந்த நடையும் சிரமம் என்றால் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நிலைய வாசலில் எப்போதும் நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கல்தச்சன் எழுதியது:

பழங்கட்டடப் பராமரிப்பு என் தொழில். நதிக்கரை நண்பர் சொன்னது சரி. ஆனால் "நன்றாக நிலைத்திருக்கும்" என்று சொல்லும்போது எது நிலைத்தது, எது பிறகு கட்டியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒராஞ்சில் நீங்கள் உட்காரப்போகும் படிகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சீரமைப்பில் புதிதாகப் போட்டவை. ரோமானியர் காலத்துப் படிக்கற்கள் கீழ்வரிசைகளில் கொஞ்சம் இருக்கின்றன. பயணிகள் படிகளைத் தடவிப் பார்த்து "இரண்டாயிரம் ஆண்டு" என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு எதிரே நிற்கும் சுவருக்குத்தான் உரியது.

தென்னந்தோப்பு எழுதியது:

இது எனக்குப் புதிய செய்தி. படிகள் ஏன் போயின? சுவர் மட்டும் எப்படித் தப்பியது?

கல்தச்சன் எழுதியது:

ஊருக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டது. அதனால் தப்பியது.

அரங்கு கட்டப்பட்டது முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி. ஓய்வுபெற்ற இரண்டாம் படையணி வீரர்களைக் குடியமர்த்தி அமைத்த ஊர் அது. அப்போதைய பெயர் அராவுசியோ. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிறித்தவம் அரச சமயமான பிறகு, நாடகங்கள் நின்றன. இடைக்காலத்தில் அந்தப் பெருஞ்சுவர் ஊர்க்காவலுக்குப் பயன்பட்டது. 16ஆம் நூற்றாண்டுச் சமயப் போர்களின்போது மக்கள் உள்ளே தஞ்சம் புகுந்தார்கள். நாளடைவில் அரங்குக்குள் தெருவும் வீடுகளுமாக ஒரு குடியிருப்பே உண்டாகிவிட்டது. படிக்கற்களைப் பெயர்த்து வீட்டுக்குப் போட்டார்கள். சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை, ஏனென்றால் எல்லா வீடுகளும் அதன் பாதுகாப்பில் இருந்தன.

1820களில் அந்த வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் கரிஸ்தி அரங்கை அளந்து ஆராய்ந்தார். பிறகு வரலாற்றுச் சின்னங்களின் மேற்பார்வையாளராக இருந்த எழுத்தாளர் புரோஸ்பே மெரிமே இந்த வேலைக்குத் துணைநின்றார். இடிக்கப்பட்ட வீடுகளில் குடியிருந்தவர்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள். ரோமானியக் கல்லைக் காட்டுவதற்காக அவர்களுடைய முந்நூறு ஆண்டு வாழ்க்கையின் தடயம் முழுவதையும் அழித்துவிட்டோம். இன்று யாராவது அந்த வேலையைச் செய்தால் ஒரு மூலையையாவது விட்டுவைப்பார்கள்.

ரோன் நதிக்கரை எழுதியது:

கல்தச்சன், அந்தத் தடயம் முழுவதும் அழியவில்லை. சுவரின் உட்புறத்தைக் கூர்ந்து பாருங்கள். விட்டம் செருகிய ஓட்டைகள் தாறுமாறான உயரங்களில் இருக்கும். சில ரோமானியர் காலத்தவை, பல பிற்கால வீடுகளுடையவை. எனக்கு அந்த ஓட்டைகள் மிகவும் பிடிக்கும்.

கல்தச்சன் எழுதியது:

உண்மை. அதைக் குறிப்பிட்டதற்கு நன்றி.

அம்மான் நினைவுகள் எழுதியது:

நான் ஜோர்டானில் வேலை பார்த்தவன். அங்கே இரண்டு அரங்குகள் நன்றாக இருக்கின்றன. அம்மான் நகர நடுவில் உள்ளது ரோமானியப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் காலத்தது. ஏறக்குறைய 6,000 பேர் உட்காரலாம். அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் மாலையில் அதன் முன்னால் உள்ள வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் பந்து விளையாடும். ஜெராஷில் உள்ள தெற்கு அரங்கு 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. அதில் மேடைச் சுவரின் கீழ்த்தளம் தூண்களோடு நிற்கிறது. 1981 முதல் அங்கே கலைவிழா நடக்கிறது.

நதிக்கரை நண்பர் எழுதியதைப் படித்ததும் ஒன்று விளங்கியது. அம்மான் அரங்கின் உச்சிப்படியிலிருந்து எதிர் மலையின் கோட்டை தெரியும். அந்தக் காட்சிக்காகவே நாங்கள் ஏறுவோம். சுவர் முழுதாக இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது.

புஸ்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கறுப்பு எரிமலைக்கல்லில் கட்டிய அரங்கு. 13ஆம் நூற்றாண்டுக்குள் அய்யூபிய அரசர்கள் அதைச் சுற்றி ஒரு கோட்டையையே எழுப்பிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை, உள்ளே நுழைந்தால் அரங்கு. படிகள் நெடுங்காலம் மண்ணுக்கடியில் கிடந்ததால் தேயாமல் கிடைத்தன. 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2013இல், உள்நாட்டுப் போரின் நடுவில், சிரியாவின் மற்ற மரபிடங்களோடு சேர்த்து ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தபோது அந்த ஊரிலிருந்து வந்த அகதிகளோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் தம் பள்ளிச் சுற்றுலா அந்த அரங்குக்குத்தான் என்று சொன்னார். ஊரைப் பற்றிச் சொல்ல அவர் எடுத்த முதல் செய்தி அது.

இசைப்பித்து எழுதியது:

யாரும் இன்னும் ஒலியைப் பற்றிப் பேசவில்லையே! அந்தச் சுவர் எதற்கு நிற்கிறது என்று கண்ணால் மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

ஒராஞ்சில் ஒவ்வொரு கோடையிலும் "கொரேஜி" என்ற இசைவிழா நடக்கிறது. 1869இல் மெஹூலின் "ஜோசப்" என்ற இசைநாடகத்தோடு தொடங்கியது. இன்றும் நடக்கும் இசைவிழாக்களில் பிரான்சிலேயே மிகப் பழையது இது. 1903இல் சாரா பெர்னார் அங்கே ராசினின் "ஃபெத்ர்" நாடகத்தில் நடித்தார். இப்போது பெரும்பாலும் ஓபெரா. பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவார்கள். நான் கேட்டது வெர்டியின் ஓபெரா ஒன்று. எங்கள் இடம் மேலே, மலையை ஒட்டிய மலிவான வரிசையில். மெல்லிய குரலில் தொடங்கிய பாட்டின் முதல் எழுத்துகூட நழுவாமல் வந்து சேர்ந்தது. சுவர் அந்தக் குரலைப் பின்னால் போகவிடாமல் திருப்பி அனுப்புகிறது. சுவர் இல்லாத அரங்கில் ஓபெரா கேட்டிருக்கிறேன், குரல் வெளியில் கரைந்து போகும்.

முடிந்தால் பகலில் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு நிகழ்ச்சிக்கும் போங்கள். ஜூலையில் இருட்டத் தொடங்கும்போதுதான், ஒன்பதரை மணியை ஒட்டி, தொடங்கும். கல்லில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், எனவே மெத்தை கொண்டுபோங்கள்.

கல்தச்சன் எழுதியது:

ஒலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய அரங்குகளைக் காட்டும் வழிகாட்டிகள் நடுவில் நின்று நாணயத்தைப் போட்டு, "உச்சிப்படியில் கேட்கும் பாருங்கள்" என்பார்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கிரேக்கத்தில் எபிடாரஸ் உள்ளிட்ட மூன்று அரங்குகளில் ஆயிரக்கணக்கான அளவீடுகள் எடுத்தார்கள். நாணயம் விழும் ஒலியைப் பாதித் தூரம்வரைதான் இன்னதென்று அடையாளம் காண முடிகிறது. கிசுகிசுப்பு முன்வரிசைகளைத் தாண்டிப் புரிவதில்லை. உரத்துப் பேசினால் கடைசிவரை கேட்கிறது. ஆக, இந்த அரங்குகள் பயிற்சி பெற்ற குரலுக்காகக் கட்டியவை. இசைப்பித்து கேட்டது அப்படிப்பட்ட குரல்.

இசைப்பித்து எழுதியது:

நான் நாணயக் கதையைச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் சொல்வது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. பாடகர் சுவருக்கு அருகே நின்று பாடியபோது வந்த நிறைவு, மேடை முனைக்கு வந்தபோது குறைந்தது. அதை அன்றே கவனித்தேன்.

பாரிஸ் வடக்கு எழுதியது:

எனக்கு அங்கே உறுத்தியது மேடைக்கு மேல் போட்டிருக்கும் கண்ணாடியும் இரும்பும் கலந்த கூரைதான். 2006இல் கட்டினார்களாம். பிள்ளைகள் முதலில் பார்த்ததே அதைத்தான். அவ்வளவு பழைய சுவருக்கு மேல் விமான நிலையக் கூரை மாதிரி ஒன்று எதற்கு?

ரோன் நதிக்கரை எழுதியது:

அந்தக் கூரையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஒன்று, சுண்ணாம்புக்கல்லுக்குத் தண்ணீர் பகை. மழைநீர் விரிசலில் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது கல் செதிலாக உதிரும். சுவரின் உட்பக்கத்தை முன்பு மூடியிருந்த பளிங்கு எல்லாம் போய்விட்டதால் மென்மையான கல் நேரே மழைக்கு முகம் கொடுத்து நின்றது. இரண்டு, ரோமானியர் காலத்திலும் மேடைக்கு மேல் கூரை இருந்தது. மரத்தால் ஆனது, சாய்வானது. அது பொருந்தியிருந்த தடம் பக்கச் சுவர்களில் தெரியும். அலங்காரத்தைக் காத்தது, குரலையும் கீழே திருப்பியது. புதிய கூரை பழைய இடத்திலேயே இருக்கிறது. புதியது என்று பார்த்தவுடன் தெரிவதும் நல்லதுதான். ரோமானிய மரக்கூரையைப் போலவே செய்து வைத்திருந்தால் அதைத்தான் பொய் என்பேன்.

கல்தச்சன் எழுதியது:

கூரை வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. தாங்கும் இரும்பு இன்னும் மெலிந்திருக்கலாம்.

மறுசீரமைப்பில் எதுவரை போகலாம் என்பதற்கு மற்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். ஸ்பெயினின் மெரிடாவில் மேடைமுகப்பு இரண்டு அடுக்குத் தூண்களோடு கண்ணைப் பறிக்கிறது. அகழாய்வில் விழுந்து கிடந்த தூண்களை 20ஆம் நூற்றாண்டில் எடுத்து நிறுத்தினார்கள். கல் பழையது, நின்ற கோலம் புதியது. அங்கே 1933 முதல் செவ்வியல் நாடக விழா நடக்கிறது.

அஸ்பெண்டோஸ் இதற்கு நேர் எதிர். என் கணக்கில் மூன்றிலும் முழுமையானது அதுதான். ரோமானியப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் காலத்தில் தியோடோரஸின் மகன் ஸெனோன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கட்டியது. குர்டியஸ் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் செலவு செய்தார்கள் என்பதைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வாசலில் பொறித்திருக்கிறார்கள். சுவர் மட்டுமல்ல, படிகளும் உச்சியில் சுற்றிவரும் வளைவு மாடமும் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான்கள் மேடைக் கட்டடத்தை மாளிகையாக்கிப் பழுதுபார்த்தார்கள். அவர்கள் பூசிய சிவப்பு வளைகோட்டுச் சித்திரம் இன்னும் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. அங்கும் புழக்கம்தான் கட்டடத்தைக் காத்தது. அப்படிப்பட்ட இடத்தில் 2015 வாக்கில் படிகளின் சில பகுதிகளில் வெள்ளை வெளேரென்று புதுப் பளிங்கைப் போட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. காலப்போக்கில் நிறம் மங்கிப் பொருந்திவிடும் என்று பொறுப்பாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள். கல் மங்கத்தான் செய்யும். ஆனால் தேய்ந்த படிக்குப் பக்கத்தில் ரம்பத்தால் அறுத்த கூர்விளிம்பு மங்குவதற்கு நம் ஆயுள் போதாது.

காசுப்பெட்டி எழுதியது:

தென்னந்தோப்பு, உங்கள் அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் இதை எழுதுகிறேன். சுவரின் நடுவில், அரச வாசல் எனப்படும் நடுவாசலுக்கு மேலே ஒரு பெரிய மாடம் இருக்கிறது. அதில் 3.55 மீட்டர் உயரத்தில் ஒரு பளிங்குச் சிலை நிற்கிறது. துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டி நிறுத்தியது. அகஸ்டஸ் என்று அடையாளம் சொல்கிறார்கள்.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பான்மை இந்த அகஸ்டஸும் அவருக்குப் பின் வந்த டைபீரியஸும் வெளியிட்டவை. அகஸ்டஸ் காலத்தில் எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். நம் மிளகு போனதும் அந்தக் காசு வந்ததும் அதே தலைமுறையில், அந்தச் சுவர் எழுந்த தலைமுறையில்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இது நேராக மேடையைச் சேர்ந்தது. எகிப்தின் ஆக்சிரின்கஸில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) சுவடி ஒன்றில் ரோமானியர் காலத்துக் கேலி நாடகம் ஒன்று இருக்கிறது. கரிட்டியோன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஓர் அரசனிடம் சிக்கியிருக்கிறாள். அவளுடைய ஆட்கள் அரசனுக்கும் கூட்டத்துக்கும் மதுவைக் கொடுத்து மயக்கி அவளை மீட்கிறார்கள். அரசன் பேசும் மொழி கிரேக்கம் அல்ல. அது கன்னடம் என்று 1904இல் ஹுல்ட்ஷ் என்ற அறிஞர் வாதிட்டார். பிறகு துளு என்றும், வெறும் பொருளற்ற ஒலிகள் என்றும் பலர் பலவாறு சொன்னார்கள். முடிவு எதுவானாலும், ரோமானியப் பேரரசின் மேடையில் தென்னிந்தியக் கடற்கரையைக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்த நாடகம் ஒன்று இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தி.

தென்னந்தோப்பு எழுதியது:

காசுப்பெட்டி அண்ணா, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார். ஒராஞ்ச் என்று முடிவாகிவிட்டது. அவருக்கு ஒரு கேள்வி: அப்படிப்பட்ட கேலி நாடகங்கள்தான் அங்கே நடந்தனவா? நாங்கள் பெரிய சோக நாடகங்கள் என்றல்லவா நினைத்திருந்தோம்?

ரோன் நதிக்கரை எழுதியது:

பேரரசுக் காலத்தில் பெரும்பாலும் கேலி நாடகங்களும், ஒரே நடிகர் முகமூடி மாற்றி மாற்றிப் பல பாத்திரங்களை ஊமையாக ஆடும் கூத்தும்தான். சோக நாடகங்களிலிருந்து பேர்பெற்ற பகுதிகளை மட்டும் எடுத்துப் பாடுவதும் உண்டு. கேலி நாடகங்களில் பெண்களே பெண் வேடம் போட்டார்கள், முகமூடி கிடையாது. கட்டணம் இல்லை. செலவை ஊர்ப் பெருந்தனக்காரர்களும் அதிகாரிகளும் ஏற்றார்கள். மேடையின் முன்விளிம்பில் ஒரு நீள்பள்ளம் உண்டு. திரை அதற்குள் இறங்கும். நாடகம் தொடங்கும்போது திரை கீழே போகும், முடியும்போது எழும்பும்.

கட்டணம் இல்லையென்றாலும் இடம் எல்லாருக்கும் சமமில்லை. ரோம் நகரில் கி.மு. 67இன் சட்டம் ஒன்று, குதிரைவீரர் வகுப்பினருக்கு (செனட்டர்களுக்கு அடுத்த செல்வந்த வகுப்பு அது) என்று பதினான்கு வரிசைகளை ஒதுக்கியது. ஒராஞ்சின் கீழ்ப்படி ஒன்றில் சில எழுத்துகள் செதுக்கியிருக்கும். அவ்வகுப்புக்கு மூன்று வரிசை என்பது பொருள். எழுத்துகள் பெரியவைதான், ஆனாலும் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கீழ்வரிசையாதலால் அம்மாவும் ஏறாமலே பார்க்கலாம்.

கீழ்வரிசையில் உட்கார்ந்து சுவரை அண்ணாந்து பார்ப்பதுதான் முக்கியம் என்பேன். மேலே ஏறிப் படம் எடுப்பதை நீங்கள் மட்டும் செய்துவிட்டு வாருங்கள். படிகள் செங்குத்து, சில இடங்களில் கைப்பிடி இல்லை.

பாரிஸ் வடக்கு எழுதியது:

நீமையும் ஆர்லையும் விட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அங்கே பெயர்பெற்றவை வட்டரங்குகள், வாட்போர் வீரர்களும் விலங்குகளும் மோதிய இடம். முழுதாகச் சுற்றிவரும் நீள்வட்டம், மேடையே கிடையாது. ஆர்லில் நாடக அரங்கும் உண்டு. ஆனால் மேடைச் சுவரில் மிஞ்சியவை இரண்டு தூண்கள். ஊரார் அவற்றை இரு விதவைகள் என்று அழைக்கிறார்கள்.

இசைப்பித்து எழுதியது:

ஜூன் கடைசி என்றீர்கள். விழாவுக்கான மேடைப் பலகை, விளக்குக் கம்பம், நாற்காலி எல்லாம் அதற்குள் வந்திருக்கலாம். ஒத்திகை இருந்தால் சில நாள் சீக்கிரம் மூடுவார்கள். புறப்படும் முன் அரங்கின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பாருங்கள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தால் அது உங்கள் நல்வாய்ப்பு, உட்கார்ந்து கேளுங்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள். வெயில் எந்த நேரத்தில் குறைவாக இருக்கும்? எதிரே உள்ள அருங்காட்சியகத்துக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் என்கிறார்கள். அம்மா களைத்துப்போனால் அதை விட்டுவிடலாமா?

ரோன் நதிக்கரை எழுதியது:

அரங்கு திறந்ததும் போய்விடுங்கள். பார்வையாளர் வடக்கு நோக்கி உட்காரும்படி, தெற்கே உள்ள செந்த் எத்ரோப் குன்றில் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். தெற்கு நோக்கி அரங்கு கட்டினால் வெயில் உள்ளே சுழன்று உடலை வாட்டும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் தம் ஐந்தாம் நூலில் எச்சரித்திருக்கிறார். இந்த அமைப்பால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், சுவரின் முகத்தில் வெளிச்சம் விழும். மிஸ்திரால் என்ற வடகாற்று வீசும் நாளிலும் அந்தச் சுவரே தடுத்துவிடும். தெருவில் தொப்பி பறக்கும் காற்றில் உள்ளே ஓரளவு அமைதியாக இருக்கும். பிற்பகலில் கல் சூடேறிவிடும், அப்போது அம்மாவை அங்கே வைத்திருக்காதீர்கள். குன்றின் மேலுள்ள பூங்காவிலிருந்து அரங்கைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், ஆனால் ஏற்றம்.

அருங்காட்சியகத்தை விடாதீர்கள். அம்மா களைத்திருந்தால் அவரை எதிரே உள்ள உணவகத்தில் நிழலில் உட்காரவைத்துவிட்டு அப்பாவை மட்டுமாவது அழைத்துப் போங்கள். கி.பி. 77இல் பேரரசர் வெஸ்பாசியன் ஆணையில் பளிங்கில் செதுக்கிச் சுவரில் பதித்த நிலப் பதிவேட்டின் துண்டுகள் அங்கே இருக்கின்றன. சுற்றுவட்ட நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து, எந்தச் சதுரத்தில் எவ்வளவு படைவீரர்களுக்குக் கொடுத்தது, எவ்வளவு நகரத்தின் குத்தகை நிலம், எது பழங்குடிகளான திரிகாஸ்தினிகளுக்குத் திருப்பித் தரப்பட்டது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறார்கள். ஆற்றின் வளைவும் சாலையும்கூடக் கோடுகளாக இருக்கின்றன. அரங்கில் அந்த மூன்று வரிசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் வயல்கள் அவை. அப்பாவுக்கு அங்கே ஒரு மணி நேரமாவது வேண்டியிருக்கும்.